ஏழரை நிமிடம்

மெகெலன் நகரத்துக் கோபுரத்தில்
ஏழரை நிமிடத்துக்கு ஒருமுறை மணி பாடும்.
அரசி அழுது முடிக்க
எட்டு நிமிடம் பத்து நொடி.

ஏழரை என்றால் சும்மாவா?
மூன்று நாளாய்,
முனகுகிறதென்று ஹீட்டரையும் அணைத்துவிட்டு
இந்தப் பழைய தேவாலயத்தில் விறைத்துக் கிடக்கிறோம்.
குளிருக்குச் சுருதி நழுவும் குடல் நரம்புகள்,
ஹார்ப்சிகார்டுக்கு மட்டும் ஒரு கம்பளி,
பீடத்துக்குப் பின்னால், அங்கிகள் மாட்டும் அறையில்
ஹெட்போனோடு நான்.

முந்நூறு ஆண்டாய் யாரும் பாடாத ஓபரா.
கையெழுத்துப் பிரதியில் எலி தின்ற மூலையை
ரைனவுட் தானே எழுதி நிரப்பியிருக்கிறார்.
எந்த மூலை என்று கேட்டால்
வாத்தியத்தைச் சுருதி சேர்க்கப் போய்விடுகிறார்.

லீஸலோட் அரசி.
வோல்ஃபெர்ட் வீரன்.
அவளுக்கும் மேலே குரலேற்றிப் போர் முழங்குபவன்
இடைவேளையில் லாரி ஓட்டுபவன் குரலில்
சூப்புக்கு உப்பு கேட்கிறான்.
இந்தக் காட்சியில் அவன் பிணம்.
கடைசியில் ஒரே ஒரு சொல், அதுவும் ஆவியாக.
அதுவரை தும்மக்கூடாது.

பாட்டின் அமைப்பு அப்படி:
ஒருமுறை அழ வேண்டும்,
நடுவில் கொஞ்சம் கோபம்,
பிறகு முதலிலிருந்து
அதே சொற்களை, கமகம் கூட்டி, மறுபடி அழ வேண்டும்.
அந்த மறுபடியின் மேல்தான்
ஐந்து முறையும் மணி விழுந்தது.

"ஒட்டிவிடலாம்" என்றேன். என் பிழைப்பே அதுதான்.
செவ்வாய்க்கிழமை அழுகையின் வாலில்
வியாழக்கிழமை அழுகையைத் தைப்பேன்,
தையல் தெரியாது.
லீஸலோட் ஆரஞ்சுத் தோலை
சத்தம் வராமல் உரித்துக்கொண்டே
சரி என்றாள்.

வியாழன் மாலை, கடைசியாக ஒருமுறை
மணி ஓய்ந்ததும் தொடங்கினாள்.
யாரிடமும் சொல்லாமல் விரைந்தாள்.
வாசலில் வண்டி நிற்க
உள்ளே அவசரமாய் அழுபவளைப் போல.
ரைனவுட்டின் விரல்கள் தடுக்கி எழுந்து
பின்னாலேயே ஓடின.
மறுபடி வந்த சொற்களில் பாதி அலங்காரத்தை உதறிவிட்டாள்.
மூச்சு எடுக்கக்கூடாத இடத்தில் எடுத்தாள்,
கிழிசல் போல ஒரு மூச்சு.
நான் எழுந்து நின்றிருந்தேன்,
எப்போது எழுந்தேனோ.

ஏழு நிமிடம் இரண்டு நொடி.
எதிரொலி கூரையில் இன்னும் அலைய,
செத்தவன் "வா" என்றான்.
அந்த "வா"வின் மேல்
அரைச்சுருதி உயரத்திலிருந்து
மணி இறங்கியது.

ஒருவரும் அசையவில்லை.
"பிரமாதம்" என்றார் ரைனவுட் கொஞ்சம் கழித்து.
"இன்னொன்று எடுப்போம். சரியான வேகத்தில்."

இசைத்தட்டில் இருப்பது என் தையல்.
நாற்பத்தொரு வெட்டு.
காலமே நின்றுவிட்டது என்று
ஒரு விமர்சகர் எழுதியிருக்கிறார்.
நின்றது, ஆமாம். நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

மற்றது என்னிடம் இருக்கிறது.
சில இரவுகளில் அதன் வாலை மட்டும் கேட்பேன்:
மணி அடங்கும்,
யாரோ வில்லை மடியில் கிடத்துவார்கள்,
பிறகு பிணம்
தன் லாரிக் குரலில் கேட்கும்,
"இப்போ தும்மலாமா?"