பின்பக்கத்துப் படி

சாரம் கட்டிய முதல் வாரமே
எக்ஸ்ரே உறையைத் தலைக்கு மேல் பிடித்தபடி
கேட் ஓரம் நின்று கேட்டார் ஒருவர்:
ரூம் இருக்கா, மூணு பேர், பத்து நாள்.
மால்டாவிலிருந்து வருகிறாராம்.
இது வீடு என்றேன்.
நம்பாமல் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்.

தோட்டப்பாளையத்தில் எங்கள் சந்தில்
வீட்டை நம்புகிறவர்கள் குறைவு.
இடப்பக்கம் வங்காளத்தில் பலகை,
வலப்பக்கம் இந்தியில்,
எதிரே ஸ்கேன் சென்டர்.
நடுவில் நாங்கள்.
விக்டோரியா ராணி உயிரோடிருந்தபோது
எவனோ ஒரு துரை எழுப்பிய செங்கல் மாடி.

லாட்ஜுக்கு விற்றுவிடு என்றாள்
ஓசூரிலிருந்து நாத்தனார் ஹெப்சிபா.
புதுப்பிப்போம் என்றான் எட்வின்.
வங்கிக் காகிதங்களில்
கையெழுத்துப் போட்டது நான்.

சுரண்டச் சுரண்ட
எங்கள் கல்யாணத்துக்கு அடித்த ரோஸ்,
அதற்குள் பச்சை, அதற்குள் நீலம்,
கடைசியில் கடுக்காயும் முட்டையும் குடித்த சுண்ணாம்பு,
கன்னம் வைத்தால் இன்னும் குளிர்கிறது.

ஹாலில் கணப்படுப்பு.
கத்திரியில் நூற்றுப்பத்து கொதிக்கும் ஊரில்!
தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை,
ராஜா இல்லாக் கோட்டை என்று
விரல் மடக்கும் ஊர்க்காரர்கள்
நெருப்பில்லா அடுப்பை எப்படி விட்டார்களோ.
இன்வெர்ட்டர் பேட்டரிக்கு
அளவெடுத்த மாதிரி இருந்தது.
வைத்துவிட்டோம்.

பின்சுவரில் சுருண்டு ஏறும் இரும்புப் படி.
ஓரமெல்லாம் வார்ப்பில் திராட்சைக் கொடி.
இஞ்சினியர் தயாநிதிக்குக் கண் முழுக்க அதன்மேல்:
கறுப்பு பெயின்ட் அடிச்சு
கீழே ஒரு லைட் போட்டா, மேடம்...
படி எந்த அறைக்கும் போகவில்லை.
மாடிக் குளியலறைச் சுவரில்
ஒரு குட்டைக் கதவோடு முடிகிறது.
துரைக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்று
மாமனார் சொல்லிச் சிரிப்பார்.
நாங்களும்.

மூன்று மாதமாக எல்லாச் சுவரையும்
தட்டிக் காதால் பார்த்த கன்னியப்பன் கொத்தனார்
அதில் மட்டும் ஏறவில்லை.
அவர் கூடை சாரத்தில்தான் மேலே போகும்.
கணக்குத் தப்போ என்று
நானும் சிரித்தபடி கேட்டேன், ஒரு டீ வேளையில்.

"பதினேழு படி," என்றார், திரும்பிப் பார்க்காமலே.
"எங்கம்மா ஏறினது. பூஷணம்னு பேரு.
வூட்டுக்குள்ள கால் வெக்காம
மேல போயி வாளி எடுத்துனு எறங்கணும்.
தப்பு இன்னாம்மா கீது?
கரெக்டான கணக்கு."

டீ ஆடை கட்டியது.

அன்றிரவு பீரோவின் அடித்தட்டில்
மாமனாரின் செலவு நோட்டு:
பால், ரத்தினம், பதினொன்று.
வெளுப்பு, முனுரத்தினம், ஆறு.
பியானோ சரிபார்த்த மிஸ்டர் டிசில்வா, பதினைந்து.
தோட்டி, நாலு.

எட்வினுக்குத் தூக்கமில்லை.
காலையில் கேஸ் கட்டர்க்காரரை வரச் சொன்னான்.
பார்க்கவே கூசுது, அறுத்துடலாம்.
கரணையைக் கழுவிக்கொண்டே கன்னியப்பன் சொன்னார்:
"அறுத்துட்டா உங்களுக்குக் கூச்சம் போயிடும் சார்.
எங்களுக்கு இன்னா போவும்?"

படி இருக்கிறது.
பெயின்ட் இல்லை, லைட் இல்லை,
தொட்டால் விரலில் துரு.
தயாநிதிக்கு இன்னும் வருத்தம்தான்.

பிரதிஷ்டை அன்று ஆயர்
அறை அறையாக நின்று ஜெபித்தார்.
ஆம்பூர் மாஸ்டரின் பிரியாணி,
கத்திரிக்காய் தொக்கு கொஞ்சம் புளிப்பு.
கன்னியப்பன் மனைவியோடு வந்தார்,
இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.
சாப்பிட்டு எழுந்ததும்
கீழே குழாயடியில் நின்ற வரிசையைத் தாண்டி
மாடிக்குப் போனார்,
ஹாலின் தேக்குப் படியில்,
நட்டநடுவில்,
கைப்பிடியைத் தொடாமல்.

மேலே குளியலறையில்
வெகுநேரம் தண்ணீர் ஓடியது.
லாரித் தண்ணீர், லோடு ஆயிரத்து இருநூறு.
ஹெப்சிபா கூட
மேலே பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

முழங்கை வரை சொட்டச் சொட்ட இறங்கி
துண்டு எங்கம்மா என்றார் என்னிடம்.
அவசரத்தில் எடுத்துக் கொடுத்ததில்
விலைச் சீட்டு இன்னும்
தொங்கிக்கொண்டிருந்தது.