எண்ணிக்கைக்கு ஒரு பெருவிரல்

உசிலம்பட்டி ஸ்டேஷனில் ராத்திரி படுக்கவேண்டிய ஆட்களில்
என் அப்பா நாற்பத்தோராவது.
குற்றம் என்று தனியாக எதுவும் இல்லை,
இந்தப் பக்கம் பிறந்ததுதான்.
கல்யாணத்தன்றும் அங்கேதான் படுத்தார்
என்பாள் அம்மா, சிரிக்காமல்.

நாற்பத்திரண்டு தொடக்கத்தில்
இரண்டு நாளைக்கு ராதாரிச் சீட்டு வாங்கி
மூன்று கிடாய்களோடு மதுரைக்கு ரயிலேறினார்.
கிடாய் விற்ற காசு மட்டும் ஊர் திரும்பியது,
சித்தப்பா விருமன் மடியில்.
அப்பா ஒரு மேஜை முன்னால் நின்று
நெஞ்சளவு கொடுத்திருந்தார்.
"பேர்?"
"பின்னன்."
"நீச்சல் தெரியுமா?"
"கிணத்துல."
அங்கேயும் பெருவிரலைக் கேட்டார்கள்.
அதே மை, என்பார். நாத்தம்கூட அதேதான்.

பின்னன், ஸ்டோக்கர், இரண்டாம் வகுப்பு.
கண்ணி வாரும் கப்பல். நிலக்கரி தின்னும் பழைய கப்பல்.
நாலு மணி நேரம் அள்ளிப் போடு,
எட்டு மணி நேரம் கிட,
மறுபடியும் நாலு.
உலைக் கதவைத் திறந்தால் புருவம் பொசுங்கும்.
கடலைப் பாத்தீகளா என்று கேட்டால்
சத்தம் கேட்டிருக்கேன், என்பார்,
தகட்டுக்கு அந்தப் பக்கம்
மாடு அசைபோடுற மாதிரி.

பட்டாளத்துக்குப் போனவன் பெயரை நீக்கச் சொல்லும் கடுதாசி
ஸ்டேஷனுக்கு வந்து சேரவே இல்லை.
ஆள் ஓடிப்போனான் என்று எழுதினால்
அம்மாவைத்தான் இழுத்துப்போவார்கள்.
ஆகவே சித்தப்பா
நாற்பத்தோராவது பெயருக்கு ஒரு தரம்,
நாற்பத்திரண்டாவது, தன் பெயருக்கு ஒரு தரம்,
ஒரே விரலை வைத்தார்.
ஏட்டையாவுக்கு எண்ணிக்கை சரியாக வந்தால் போதும்.
தலை எண்ணும்போது
வைக்கோல் மூட்டை ஒன்று போர்வைக்குள் படுத்திருக்கும்.
சில ராத்திரி
இரண்டு மூட்டைகள் படுத்திருந்தன.

நாற்பத்து நாலு, ஆவணியில்
அண்ணன் தவசி பிறந்தான்.

சண்டை முடிந்து மதுரையில் இறங்கி
போடி ரயில் எங்கே என்று கேட்டாராம்.
தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள்,
அதுவும் சண்டைக்குத்தான்.
தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு
வெறும் சல்லி மேட்டிலேயே நடந்தார்.
செக்கானூரணி தாண்டும்போது
செருப்பு வார் அறுந்தது.

வாசலில் ஒரு பையன்
கோழியை விரட்டிக்கொண்டிருந்தான்.
அப்பா பெட்டியை இறக்கினார்.
பையனைப் பார்த்தார்.
தண்ணீர் கேட்டார்.
ஒரு செம்பைக் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார்.
எடுக்கப்போன அம்மா
வெகுநேரம் வெளியே வரவில்லை.
சித்தப்பா அன்றைக்கு
பொழுது சாயும் முன்னாலேயே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

மறு வருஷம் நான் பிறந்தேன்.
ரேகைச் சட்டம் செத்ததும் அந்த வருஷம்தான்.
திருமங்கலத்தில் ஒரு அரிசி ஆலையில்
அப்பா உலைக்கு உமி தள்ளப் போனார்,
இருபத்தாறு வருஷம் தள்ளினார்.
வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.
சித்தப்பாவோடு பேசாமலும் இருந்ததில்லை,
மழை, ஆட்டுக்கு நோய், சந்தை விலை,
அவ்வளவுதான்.

தவசியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கதையை
சித்தப்பாதான் சொன்னார்,
கள் போதையில், ஒரே ஒரு தரம்.
வாத்தியார் தகப்பன் பேர் கேட்டிருக்கிறார்.
அண்ணன் தம்பி இருவரும் நிற்கிறார்கள்.
சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.
"பின்னன்," என்றார் அப்பா,
கப்பலில் நம்பர் சொல்வதுபோல.

"கைநாட்டா? வைங்க."
வைத்தார்.
"ரேகை விழலையே. இன்னொரு தரம்."
மறுபடி வைத்தார்.
வாத்தியார் மையை அதிகம் தடவிப் பார்த்தார்.
ரிஜிஸ்தரில் மூன்று கறுப்பு,
ஒன்றிலும் ஒரு கோடுகூட இல்லை.
உலைக் கதவின் பிடி
நாலு வருஷத்தில் எல்லாவற்றையும் தின்றிருந்தது.

விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டே
அப்பா திரும்பி,
"ஒன் விரல்ல இன்னும் இருக்காடா?" என்று கேட்டாராம்.

இதைச் சொல்லும்போது சித்தப்பா
கையை வேட்டிக்குள் சுருட்டிக்கொண்டார்.