கால் சுற்று

புல்லு வெட்டுற மெசின்தான்.
கூட்டுறவுச் சங்கத்தின் பின் அறையில்
தண்டு வளைந்து கிடந்தது, இருபத்தாறு சீசீ.
ஆயிரத்து ஐந்நூறுக்குப் பற்றுச்சீட்டு எழுதும்போது
என்னத்துக்கு என்று கேட்டார்கள்.
பறக்கவிட என்றேன்.
சிரித்துவிட்டு ‘இதர பாவனை’ என்று எழுதினார்கள்.

கிளச்சைக் கழற்றினேன், இழுவைக் கயிற்றுச் சில்லையும்.
ஏறுகிறதுக்கு உதவாததெல்லாம் சாக்கில் விழுந்தது:
ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
காந்தச் சில்லின் விசிறிப் பற்களை
கரடிப்போக்கில் கடைச்சல் போட்டுச் சீவுவித்தேன்.
காந்தத்தில் கை வைக்காதையுங்கோ என்று மூன்று தரம் சொன்னேன்.
நாலாந்தரம்,
“தங்கச்சி, அப்ப நீங்களே கடையுங்கோவன்.”

காந்தத்துக்கும் கொயிலுக்கும் நடுவே
விழாத லொத்தர் சீட்டின் தடிப்பு.
பிளக் இடைவெளிக்கு வாள் அலகு.
லீற்றருக்கு நாற்பது மில்லி ஓயில்.
பெற்றோல் இல்லாத நாளில்
மண்ணெண்ணெய் காட்டி மோட்டார்சைக்கிளை
ஏமாற்றி ஓட்டின ஊர் இது,
கலவையில் பிழை வராது.

கஜீபன் இறக்கை வெட்டினான், மீன்பெட்டி ரெஜிபோமில்.
வெயில் ஏற ஏற அது பாரை மணந்தது.

ஆவணி. அக்கராயன் குளம் வற்றின பக்கம்.
பொலிஸ் கடிதம் சட்டைப்பையில்.
வேக ஊசியை ஒன்றரைச் சுற்றுத் திறந்து
பிறகு மயிரிழை மயிரிழையாய் மூடினேன்.
இருமல் நின்றது. கரகரப்புப் போனது.
நிமிசத்துக்கு ஏழாயிரத்து எண்ணூறு.
மெல்லிசாய், ஒரே சீராய், நூல் பிடித்த மாதிரி
ஒரு சத்தம் மேலே போய் அங்கேயே நின்றது.
கஜீபன் துள்ளினான்.

அடுத்த வளவுக் கிணற்றில்
வாளி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

புஸ்பமலர் அக்கா மதகுக்குள் இருந்தார்,
ஈரச் சீலையோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு.
அந்தச் சத்தத்துக்கு இங்கே ஒரு பூச்சியின் பெயர் இருந்தது.
அவர் அதைச் சொல்லவில்லை.
“நான் பயப்பிடேல்லை பிள்ளை” என்றார்,
“கால் தானா வந்திட்டுது.”

இறக்கினோம். சூடு ஆறமுதல்
நகப்பூச்சால் ஊசித்தலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன்,
சரியான இடம் இதுதான் என்று.
பிறகு அங்கிருந்து கால் சுற்றுத் திறந்துவிட்டேன்.

கஜீபன் இரண்டு நாள் கதைக்கவில்லை.
அறுநூறு சுற்றுப் போச்சு, வால் தொங்குது,
ஓயில் துப்பி இறக்கையெல்லாம் கறை.
உண்மைதான். இப்போது அது
உழவுக்குப் போகிற லாண்ட்மாஸ்டர் மாதிரி
தடக்குப்பட்டுத் தடக்குப்பட்டு வானத்தில் போகிறது.

போன ஞாயிறு வேலிக்கு அந்தப் பக்கத்தால்:
“உங்கட பிளேனுக்கு நெஞ்சுச்சளி போல.
கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ.”
துலாவைப் பிடித்த கை விடவில்லை.

பெற்றோல் கூடக் குடிக்கிறது.
பிளக் கரி பிடிக்கிறது.
கிழமைக்கு ஒருக்கால் கழற்றி,
பழைய பல்துலக்கியால் தேய்த்து,
திரும்பப் பூட்டுகிறேன்.