செவியில்லாதது

நூற்று அறுபத்து மூன்று மீட்டர்.
இதைப் போய் மலை என்கிறீர்களே என்று
போடியிலிருந்து வந்த மைத்துனன் சிரித்தான்.
உச்சிப் பாறையில் உயரம் எழுதியிருக்கிறது;
அதனோடு படமெடுக்க எப்போதும் வரிசை.

அதுவோ அவ்வளவு தூரம் ஏறுவதில்லை.
இடுப்பளவு கன்று போதும் அதற்கு.

வெள்ளி இரவுகளில் நானும் ஹனிஸாவும்
நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு
புக்கிட் தீமாவில் தூக்கத்தை எண்ணுகிறோம்.
பென்சிலைவிட மெலிந்த தண்டின் நுனியில்
தலை மேலே, வால் கீழே,
காய்ந்த இலைக்காம்பு மாதிரி ஒரு பழுப்பு.
நடுத்தண்டில் படுத்தால் சுகம்தான்.
ஆனால் பாம்பு அடியில் கால்வைத்தால்
(பாம்புக்கு ஏது கால், தொட்டால்)
நுனிதான் முதலில் ஆடும்.
ஆடுகிற இடமாகப் பார்த்துப் படுக்கிறது.

காது வெளியே தெரியாது,
தோலுக்குள் புதைந்திருக்கிறது.
அந்தப் பக்கம் கருங்கல்லுக்கு வெடி வைத்த நாட்களில்
எதைக்கொண்டு கேட்டிருக்கும்?
பாதத்தால், என்கிறாள் ஹனிஸா.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை, என்கிறேன்.

வேலிக்கு ஓணான் சாட்சி என்பது
கார் நிறுத்துமிடத்தில் தலையாட்டும்
சிவந்த தொண்டைக்காரனுக்குப் பொருந்தும்.
வடக்கே எங்கிருந்தோ வந்தவன்,
வெயிலும் கம்பிவேலியும் இருந்தால் குடும்பம் நடத்துவான்.
இதற்கு நிழல் வேண்டும். எறும்பு வேண்டும்.
ஒன்றிரண்டு முட்டையை மறைக்க
மக்கிய மண் வேண்டும்.
விரைவுச்சாலையின் இரைச்சல் தொடங்குமிடத்தில்
எங்கள் எண்ணிக்கை நின்றுவிடுகிறது.

ஆணுக்குக் கண் நீலம்.
நான்கு வருடத்தில் இரண்டே முறை பார்த்தேன்.
மூடிய கண்களை எண்ணுகிறவளுக்கு
அவ்வளவுதான் வாய்க்கும்.

இன்று ஒன்பது நாற்பதுக்கு,
மழை விட்டு இலைகள் சொட்டிக்கொண்டிருக்க,
அளவுநாடாவை நீட்டும்போது
என் முழங்கை தண்டில் பட்டது.

திறந்தது.
விளக்கொளியில் அந்த நீலம்
என்னை முழுசாக ஒருதரம் பார்த்தது.
பிறகு சருகில் ஒரு சிறு சத்தம்.
நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

உயரம்: எழுபத்தொரு சென்டிமீட்டர்.
தொந்தரவு உண்டா: உண்டு.
எதனால் என்ற இடத்தில்
பாம்பு, குரங்கு, காற்று, பிற
என்று நான்கு கட்டங்கள்.

பேனா நனைந்து எழுதவில்லை.
ஹனிஸாவின் பேனாவை வாங்கி
நான்காவதில் குறியிட்டேன்.