வரிசை 2306

எபேன் கோபுரத்தின் ஒன்பதாம் மாடியில்
சாவிக் கணக்கு எடுக்கிறேன்.
நாலாயிரத்து நூற்றுப் பதினேழு பேர்,
அவர்களுக்கு ஆறாயிரம் சாவி.
இரும்பு அல்ல. பாஸ்வேர்டு, டோக்கன்,
யாரோ அவசரத்துக்குத் திறந்து
மூட மறந்த அனுமதி.

எங்கள் சர்வர் எதுவும் இந்தத் தீவில் இல்லை.
"மேகத்தில்" என்பார் இயக்குநர், கூரையைக் காட்டி.
கொண்டலும் இல்லை, எழிலியும் இல்லை;
கடலடிக் கம்பி போய்ச் சேரும் ஏதோ ஊரில்
குளிரூட்டிய கொட்டகை.
கொட்டகை அவர்கள் பொறுப்பு, பூட்டு நம் பொறுப்பு:
ஒப்பந்தம், பக்கம் நாற்பத்தொன்று.
அதுவரை புரட்டியவள் நான் ஒருத்திதான்.

வரிசை 2306.
ரொஷான் வாலாய்தோன். எல்லா அறைக்கும் அனுமதி.
கடைசி நுழைவு: செவ்வாய், விடியற்காலை மூன்றேகால்.

அவர் சாம்பலைக் கடலில் கரைத்த அன்று
நானும் போயிருந்தேன். நல்ல மழை.
பதினான்கு மாதம் ஆகிறது.

அழித்துவிடலாம், ஒரு சொடுக்கில்.
விரலை வைத்த பிறகுதான் பார்த்தேன்:
கரும்புத் தோட்டத்து ஓய்வூதியம்
பதினோராயிரம் பேருக்கு, மாதக் கடைசியில்,
அவர் பெயரில்தான் இன்னும் புறப்படுகிறது.
ஒவ்வொரு முறையும் அவர் கைபேசி
"நீங்கள்தானா?" என்று கேட்டிருக்கும்.
யாரோ "ஆம்" என்றிருக்கிறார்கள்.

காத்ர் போர்ன். காவற்கூடம் என்று
பிரெஞ்சில் பெயர் வாங்கிய மலையின் அடியில் வீடு.
தெய்வானி கதவைத் திறந்தார்.
போன் சார்ஜில் கிடந்தது, ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில்.

"மாதம் ஒரு தடவை கேட்கும், அவர்தானா என்று.
இல்லை என்று அழுத்த
கை வரவில்லை."

செவ்வாய்க்கிழமை?

"அன்றைக்கு ஆறு தடவை கேட்டது.
அப்படி என்ன அவசரமோ அவருக்கு என்று
ஆறாவது தடவை அழுத்தினேன்."

அந்தச் செவ்வாய் மாதக் கடைசி இல்லை.

வாசலில் நின்று அலுவலகத்தை அழைத்தேன்:
2306-ஐ மூடு. செவ்வாயிலிருந்து அது தொட்டதையெல்லாம்
தனியே எடுத்து வை.
ஓய்வூதியத்துக்குப் புதுச் சாவி, ஒரே ஓர் அறைக்கு.
ஆள் பெயர் வேண்டாம்.

உள்ளே திரும்பியபோது
அவர் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
"இனி அது கேட்காதா?"

இரவு இரண்டு மணி. அறிக்கையில் ஒரு கட்டம்:
எப்படி நுழைந்தார்கள்?
"விதவையின்" என்று தொடங்கி, அழித்தேன்.
பிறகு எழுதினேன்:
பதினான்கு மாதம் இந்தக் கோபுரத்தில்
ஒருவரும் கேட்கவில்லை,
ரொஷான்தானா என்று.