நாளை மின்தடை

'மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை'
என்று தட்டச்சு செய்தவன் நான்தான்.
எட்டு ஊர்ப் பெயர்கள். எட்டாவது குத்தாலம்.
அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.
ராத்திரி ஃப்ரீசரைத் திறந்தபோதுதான் உறைத்தது,
எங்கள் வீடும் குத்தாலத்தில்தான் இருக்கிறது.

ஐஸ் தட்டுக்கும் கெண்டைமீன் பொட்டலத்துக்கும் நடுவே
பஃப் ஷீட் பாக்கெட்.
சுகந்தியின் பிறந்தநாளுக்கென்று
மயிலாடுதுறையில் வாங்கியது.
அன்று அவளுக்கு டபுள் டூட்டி.
மறுநாள் அவளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
இருபத்திரண்டு நாள் அப்படியே கிடந்துவிட்டது.
'இளகியபின் மறுபடி உறையவைக்காதீர்'
என்கிறது பின்பக்கம்,
எங்கள் ஆபீஸ் சுற்றறிக்கையின் அதே குரலில்.

இருபது நிமிடம் வெளியே வைக்க வேண்டுமாம்.
எழுதியவனுக்குப் புரட்டாசிப் புழுக்கம் தெரியாது.
ஐந்தாம் நிமிடமே ஓரம் தொய்ந்து
வெண்ணெய் வியர்த்து
(வெண்ணெய் இல்லை, ஏதோ பாமாயில், இருக்கட்டும்)
மேடையோடு ஒட்டிக்கொண்டது.

மணி எட்டேகால்.
கும்பகோணம் ஆஸ்பத்திரியில் அவள் கையெழுத்துப் போட்டு
பஸ் ஏறியிருப்பாள். ஒன்பதரைக்கு இங்கே.
ஓவன் கிடையாது. குக்கர் உண்டு.
கேஸ்கட்டைக் கழற்றி, வெயிட்டைக் கழற்றி
அடியில் இரண்டு விரல்கடை வேதாரண்யம் கல்லுப்பு.
அதன்மேல் ஒரு தட்டு. மூடினேன்.
அது சூடாவதற்குள்
கறுத்துப்போன பூவன்பழம் இரண்டு,
ஒரு அச்சு வெல்லம், கைப்பிடித் தேங்காய்ப்பூ,
ஏலக்காய் தேடினேன், இல்லை, சுக்கைத் தட்டினேன்.
சதுரமாக வெட்டி, நடுவில் வைத்து,
முக்கோணமாக மடித்து
முள்கரண்டியால் ஓரத்தை அமுக்கினால் முடிந்தது.
வாரநாளில் இதற்குமேல் எவனும் பலகாரம் செய்வதில்லை.

நான்கு வைத்தேன்.
மூன்றாவதில் மடை உடைந்தது.
வெல்லப்பாகு வாய்க்கால் பிடித்து ஓடுகிறது.
வெட்டி மிஞ்சிய மாவை உருட்டி
சேறு அப்புவதுபோல் அப்பினேன்.
அது பக்கத்தில் இன்னொரு வழி பார்த்துக்கொண்டது.
அடைக்கத் தெரிந்தவன் வயலில் இருப்பான்,
நான் லெட்ஜர் எழுதுகிறவன்.

ஒன்பது பத்துக்கு போன்.
'மாத்தறதுக்கு ஆள் வரலை. இப்பதான் ஏறுனேன்.
ஆடுதுறை கேட் வேற போட்டிருக்கான்.
நீ சாப்பிட்டுப் படு.'
பலகாரம் பற்றி நான் சொல்லவில்லை.
மூடியைத் திறந்தேன்.
ஏடு ஏடாக எழும்பி நின்றிருந்தது,
ஒவ்வொரு ஏட்டையும் விரித்து
ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல்.
பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆற ஆற ஒவ்வொன்றாய் உட்கார்ந்துகொண்டன.

ஒன்றை மாடிவீட்டு இருதயராஜுக்குக் கொடுத்தேன்.
நாளைக்குக் கம்பத்தில் ஏறப்போகிறவர் அவர்தான்.
இரண்டே கடியில் முடித்துவிட்டு
'ஃபீஸ் புடுங்குறதுக்கு முன்னாடி
ஊருல எல்லா வீட்டுலயும் இப்படிக் குடுத்தா
மாசம் ரெண்டு தடவை புடுங்கலாம் சார்' என்றார்.

பதினொன்றுக்கு வந்தாள்.
செருப்பைக்கூடக் கழற்றாமல்
சிங்க் ஓரம் நின்றபடியே தின்றாள்.
வெள்ளை யூனிஃபார்மில் பொறுக்குப் பொறுக்காய் உதிர்ந்தது.
'அடியில உப்பு ஒட்டியிருக்கு.'
'குக்கர் உப்பு. தட்டு கொஞ்சம் சாஞ்சிருச்சு.'
'அதான் நல்லாருக்கு' என்றாள்.
மடை உடைந்த மூன்றாவதையும் எடுத்துக்கொண்டாள்,
கருகிய பாகை நகத்தால் சுரண்டி.

பிறந்தநாள் என்று நானும் சொல்லவில்லை.
ஃப்ரீசரைத் திறந்து தண்ணீர் தேடியவள்
பாக்கெட்டை வெளியே எடுத்துக் குலுக்கினாள்.
'இன்னொரு ஷீட் இருக்கே?'
'நாளைக்குக் கரண்ட் கிடையாது.'
'யார் சொன்னா?'
நான் சிரித்தேன். அவளுக்குப் புரிந்தது.
பழம் தீர்ந்துபோயிருந்தது.
'சர்க்கரை மட்டும் தூவி
ரெண்டு பக்கமும் சுருட்டுவோம்' என்றபடி
கையை முழங்கைவரை கழுவினாள்,
வார்டுக்குள் போகுமுன் கழுவுவதுபோல.
மணி பதினொன்றரை.
உப்பு இன்னும் சூடாகவே இருந்தது.