பன்னிரண்டு கிராம்

பகலில் எனக்கு டன் கணக்கு.
கோவிந்தாபுரம் எடைமேடையில்
மாங்காய் லாரி ஏறும், எண் ஆடி நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
"அக்கா, ஒரு இருபது கிலோ குறைச்சுப் போடுங்களேன்."
மெஷினுக்குக் காது கிடையாது என்பேன்.

ஆறு மணிக்கு மேல் பன்னிரண்டு கிராம்.
பஞ்சர் கடை ரப்பாயி
டயரிலிருந்து கழன்ற ஈயக் கட்டிகளைக்
குழிக்கரண்டியில் உருக்கி வார்த்துத் தருவது.
கொக்கியின் கழுத்தில் ஈய உருண்டை,
அதற்குப் பாவாடை
பிய்ந்த கையுறையின் ரப்பர் இழைகள்.
ஜிக் என்று அவன் சொல்லும்போது
நாக்கில் ஒரு குதிப்பு இருக்கும்.
நீருக்கடியில் அது குதிப்பதும் அப்படித்தான்.

மீன்கரை அணையில்
சொசைட்டிச் சீட்டு வாங்கி உட்கார்ந்தால்
முதலில் ஒன்றும் தெரியாது.
விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்
தங்கூசி தொய்யும் வரை.
தொய்ந்தால் தரை.
பிறகு விரல்தான் கண்:
இது சேறு, இது சரளை,
இது முங்கிப்போன புளியமரத்தின் கட்டை.
விரால் வாங்கும்போது இழுப்பு இருக்காது.
எடை மட்டும் காணாமல் போகும்,
மேடையை விட்டு லாரி இறங்கின மாதிரி.

ஐப்பசியில், இடி உருண்ட ஒரு சாயங்காலம்,
முழங்கை நீளத்துக்கு ஒன்று.
ரெண்டரை கிலோ என்றேன். ரெண்டுதான் என்றான் ரப்பாயி.
அறுபது டன் மேடையின் நட்டநடுவில்
ஈரச் சாக்கோடு கிடத்திவிட்டு
உள்ளே ஓடித் திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
வெளியே செவுள் திறந்து திறந்து மூடுகிறது,
உள்ளே பூஜ்யம்.
அந்தப் பூஜ்யத்தை
மிளகு போட்டு வறுத்துத் தின்றோம்.

மார்கழியில் கணவாய்க் காற்று.
தங்கூசி வில்லாய் வளைந்துவிடும், விரல் குருடு.
காற்றா கடியா என்று தெரியாமல்
வெட்டி இழுத்தால் புளியங்கட்டை.
அறுந்து போனவற்றை எடைச்சீட்டின் பின்னால் குறித்தேன்:
மார்கழி ஐந்து, தை பதினொன்று.
அப்புறம் மாங்காய் ஏறிவிட்டது.
ராத்திரி இரண்டு மணிக்கும் ஹாரன்.
கதவுக்குப் பின்னால் கம்பில் பல்லி முட்டையிட்டது.

சித்திரைக் கடைசியில் போனேன்.
தண்ணீர் எழுந்து போயிருந்தது.
வெடித்த வண்டலில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு,
விரலுக்கு மட்டும் தெரிந்த இடங்களில் நடந்தேன்.
சரளைத் திட்டு நினைத்ததைவிடச் சின்னது.
கட்டை என் இடுப்புக்குத்தான் வந்தது.
அதில் ஈயமாய்க் காய்த்துக் கிடந்தது.
எண்ணினேன், இருபத்துமூன்று.
என் கணக்கு பதினாறு.
மீதி ஏழும் ரப்பாயி வார்த்ததில்லை.
தலை சப்பை, நீல நூல் சுற்று,
எல்லாம் கட்டையின் மறுபக்கத்தில் குத்தியிருந்தன.
எதிர்க்கரையிலிருந்து வந்தவை.
முடிச்சு என்னுடையதைவிட நல்ல முடிச்சு.

பதினாறைக் கழற்றிக்கொண்டேன், உருக்குவதற்கு.
ஏழைத் தொடவில்லை.
முடிச்சை மட்டும்
குனிந்து நின்று பழகிக்கொண்டேன்.

இடவப்பாதி இறங்கி இருபது நாளில்
கட்டை மறுபடி முங்கியது.
கரையோரப் புல்லில் செம்மண் கொப்பளிப்பதுபோல்
விரால் குஞ்சுகள், பந்துபந்தாய்.
அடியில் தாய் இருக்கும்.
இப்போது எதைப் போட்டாலும் கடிக்கும்,
பசியில் அல்ல, கோபத்தில்.
"எளுப்பமா, இட்டோ" என்றான் ரப்பாயி.
நான் கம்பை உயர்த்திக்கொண்டேன்.
தூறலுக்குள் எதிர்க்கரை சரியாகத் தெரியவில்லை.
குடை மாதிரி ஒன்று. புதராகவும் இருக்கலாம்.

புது முடிச்சில் பன்னிரண்டு கிராமைக்
குஞ்சுகளைத் தாண்டிக் கட்டைப் பக்கம் வீசினேன்.
இறங்கியது. இறங்கியது.
தங்கூசி தொய்ந்தது.

தரைக்கு இன்னும் நேரம் இருந்தது.